கோளாறு இலக்கம் 41

விசுவமடுச் சந்தியைத் தாண்டி
பரந்தன் வீதியில் ஒரு தகரக் கூரை,
ஒரு காற்றுப் பம்பு.
அருந்தவமலர் அக்காவின் ரயர் கடை.
பதினொரு நாள் போனேன்
கமராவும் மைக்கும் மடிக்கணினியுமாக.
முதல் நாள் கேட்டார்:
"உந்தக் கறுத்தப் பஞ்சு எதுக்குத் தம்பி?"
காற்றின் இரைச்சலை மறிக்க, என்றேன்.
"நான் காத்து வித்துச் சீவிக்கிறன்.
நீ அதை மறிக்க வந்திருக்கிறாய்."

பதிவானவை:
ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்த
ஓட்டை தேடி எழும் குமிழிகளின் ஒலி, நாற்பது நொடி.
கடனுக்குக் காற்றடித்துப் போன லாண்ட்மாஸ்டர்காரனுக்கு
ஒன்றரை நிமிட வசவு. அதைக் கொழும்பில் வெட்டிவிட்டார்கள்.
தடைக்காலத்தில் பழஞ்செருப்பு ரப்பரால்
ஒட்டுப் போட்ட விதத்தைச் செய்து காட்டும் வீடியோ.
மல்லாவியில் வீடு இருந்த காணியின்
செயற்கைக்கோள் படம், ஒரு பச்சைச் சதுரம்.
விரல் வைத்தால் பெரிதாகும்.
பெரிதானாலும் பச்சைதான்.

கதையை விரலால் இழுக்கலாம்.
1974இல் தொடங்கும் கோட்டில்
ஒரு சைக்கிள், ஒரு கலியாணம், இரண்டு பிள்ளைகள்.
2008 ஆவணியில் கோடு வரைபடமாகிவிடும்.
மல்லாவி. அக்கராயன். தருமபுரம்.
ஒவ்வொரு புள்ளியிலும் அவர் குரல்,
குறைந்துகொண்டு வரும் சாமான் பட்டியல்.
கொம்பிரசர் அக்கராயனில் நின்றது.
தையல் மெசின் தருமபுரத்தில்.
ஒட்டுப் பெட்டியை மட்டும் விடவில்லை,
சைக்கிள் எங்கேயும் வரும்தானே.

உடையார்கட்டில்
ஆசிரியர் சொன்னபடி இரண்டு பட்டன் வைத்தேன்.
நீங்களானால்?
ஒன்று: இங்கேயே நிற்கிறேன்.
மற்றது: புதுக்குடியிருப்புக்கு வெளிக்கிடுகிறேன்.
வாசகர் பங்கேற்க வேண்டுமாம்.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.
கிறீஸ் கையைத் துடைத்துவிட்டுக்
கனநேரம் பார்த்தார்.
"இதை ஆர் வைச்சது?"
"நான்தான் அக்கா."
"அண்டைக்கு வைச்சிருக்கலாமே."

வீதியால் ஒரு பஸ் போனது.

பிறகு, அரத்தாளால் ரியூப்பை உரஞ்சிக்கொண்டே:
"கிடக்கட்டும், எடுக்காதை.
ஆனா எதை அமத்தினாலும்
மாத்தளனுக்குத்தான் வரோணும்.
வழியிலை சின்னவனைப் பற்றி
என்னட்டை ஒண்டும் கேக்காதை.
அந்த இடத்திலை படம் வேண்டாம், கறுப்பு வேண்டாம்,
வயலின் வேண்டவே வேண்டாம்.
குமிழிச் சத்தத்தைப் போடு."

போட்டேன்.

பரிசோதித்தவர் கொழும்பிலிருந்து எழுதினார்:
கோளாறு இலக்கம் 41.
இரண்டு தெரிவும் ஒரே பக்கத்துக்குப் போகின்றன.
திரும்பிச் செல்லும் பட்டனும் இல்லை.
கடுமை: உயர்.
அது அப்படித்தான், என்று பதில் போட்டேன்.
அப்படியானால் வாசகர் ஏன் அமத்த வேண்டும்,
என்று கேட்டார்.
அதற்கு நான் இன்னும் எழுதவில்லை.

வெளியான மூன்றாம் நாள் அக்காவின் அழைப்பு.
டேட்டா முடிஞ்சு போச்சாம்.
அறுபத்துமூன்று வீதத்திலை
ஒரு வட்டம் சுத்திக்கொண்டே நிக்குதாம்.
"கனடாவிலை ஆரோ முழுக்கப் பாத்ததாம்,
மகள் சொன்னாள்."
பின்னால் பம்பு ஓடி நின்றது.
"ஒரு பிழை கிடக்கு தம்பி."
நான் கதிரையில் நிமிர்ந்தேன்.
எந்தப் புள்ளி, எந்த நாள்,
எந்தப் பெயரைப் பிழையாகக் கேட்டேன்?

"சைக்கிள் ஒட்டு நூற்றைம்பது எண்டு போட்டிருக்கிறாய்.
போன கிழமையிலிருந்து இருநூறு.
போனைக் காட்டிக் காட்டிச் சண்டைக்கு வருகினம்.
மாத்து.

பொறு, ஒரு ரக்ரர் வருது."